கையறுநிலையும் கைலாசபதியும்

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் மரண அறிவித்தலின் நடை மனப்பாடமாகவே இருந்திருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று அது தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார் என்று அது தொடரும். உற்றார் உறவினர் நண்பர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டி அது முடியும். கண்டி நகரத்துத் தேநீர்க் கடைகளிலும், கட்டுகலைப் பிள்ளையார் கோயிலை அண்டிய வீடுகளிலும், பேராதனை விடுதிகளின் உணவுக்கூடங்களிலும் இக்குரல் நாடோறும் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. தகனக்கிரியை மஹியாவை மயானத்தில் நடைபெறும் என்று கேட்டதும், கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு யார் யார் என்று விசாரிப்போர் இருந்தனர். கலஹா, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலே இறந்தோருக்கு இந்த அறிவித்தலும் பெரும்பாலும் வாய்த்ததில்லை. அதற்குக் காசு கட்டவேண்டும். அங்கே தப்பொலியும் பெண்களின் ஒப்பாரியுமே அறிவித்தலாயின.

பல்கலைக்கழக மாணவர் கேலிக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. மரண அறிவித்தலும் தப்பவில்லை. விடுதிக் கூத்துகளிலே உயிரோடிருக்கும் நண்பன் ஒருவனுக்கு அறிவிப்பாளரின் குரலிலே அறிவித்தல் வாசிப்பது பழைய பகிடி. அன்புக் கணவரும் என்ற இடத்திலே கூட்டம் சிரிக்கும். சிரிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. மனைவியை அடித்தவனும் அறிவித்தலிலே அன்புக் கணவரே. பிள்ளைகளைத் திரும்பியும் பாராதவனும் பாசமிகு தந்தையே. எல்லோருக்கும் ஒரே சட்டை. அளவெடுத்துத் தைக்கப்படாத அச்சட்டையிலே எவருடைய துயரம் உண்மையாக அடங்கும் என்ற ஐயம் இளைஞருக்கு எழுவது இயல்பேயாகும்.

யாழ்ப்பாணத்தார் வழக்கிலே இதன் விரிந்த வடிவம் ஒன்றுண்டு. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியின்போது வருவோர் கையிலே கொடுக்கப்படும் சிறுநூலுக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். கல்லிலே வெட்டியது கடதாசியிலே அச்சான பின்பும் பெயர் மாறவில்லை. முன்பக்கத்திலே நிழற்படம், பின் திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்ற முறையிலே அது அமையும். புலம்பல்களை மனைவியோ மக்களோ எழுதுவது அரிது. ஊரிலே செய்யுள் இயற்ற வல்ல பண்டிதரோ ஆசிரியரோ, துயருற்றவரின் வாயிலிருந்து வருவதாக வைத்துப் பாடிக் கொடுப்பார். ஒரு கல்வெட்டிலே உள்ள புலம்பலை எடுத்து மற்றொன்றிலே வைத்தாலும், பெயர்களை மாற்றிவிட்டால், பெரும்பாலும் பொருந்திப்போகும். இரவல் வாயாலே அழும் அழுகை எப்படி உண்மையாகும் என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க நூல் ஒன்று பேராதனையிலே கற்ற ஒருவரால் எழுதப்பட்டது. அவ்வாறு எழுதியவருக்கே ஒரு நாள் மரண அறிவித்தல் வாசிக்கவேண்டி வந்தது.

1982ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி பேராசிரியர் க. கைலாசபதி கொழும்பிலே காலமானார். குருதிப் புற்றுநோய் காரணம். வயது 49. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலம் அது. டிசம்பர் 11ஆம் திகதி பாரதியின் நூற்றாண்டு நிறைவு. 'இரு மகாகவிகள்' என்ற நூலிலே பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்டு 1962இல் எழுதியவர், அதன்பின் இருபது ஆண்டுகளாகப் பாரதியை விட்டு நீங்காதவர், அந்த நூற்றாண்டைக் காண ஐந்து நாள்கள் குறைந்துபோயின. இப்படிப்பட்ட பொருத்தங்களை விதி என்று சொல்லியிருந்தால் கைலாசபதி புன்முறுவல் பூத்திருப்பார். அவர் பொருள்முதல்வாதி. எனினும் அந்த ஐந்து நாளை நினைத்து வருந்தாத தமிழ் மாணவர் அன்று இருந்திருக்க முடியாது.

அறிவித்தலின் வாய்பாட்டை அவருக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் முதல் தொடரே இடறுகின்றது. பிறப்பிடம் கோலாலம்பூர், 1933 ஏப்ரல் 5. வசிப்பிடம் எது? யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, கொழும்பு றோயல் கல்லூரி, 1953 முதல் 1957 வரை மாணவனாகப் பேராதனை, பின் தினகரன் ஆசிரியபீடம், 1961 தொடக்கம் மீண்டும் விரிவுரையாளனாகப் பேராதனை, இடையிலே இங்கிலாந்தின் பேர்மிங்காம், அப்பால் கொழும்பு, வித்தியாலங்கார, 1974இலே யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் பதவி என்று நீளும் வாழ்விலே ஓர் ஊரைத் தெரிந்து சொல்வது கடினம். ஆயினும் அவருடைய சிந்தனைக்கு வசிப்பிடம் ஒன்று காட்டவேண்டுமானால் பேராதனையைக் காட்டுவதிலே தவறில்லை. அந்தானை மலைக்கும் மகாவலிக்கும் இடையிலே 1952இல் குடியேறிய பல்கலைக்கழகத்திற்கு மறு ஆண்டிலே வந்து சேர்ந்தவர் அவர். கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன் ஆகிய மூவரும் ஒருங்கே கற்பித்த காலம் அது. செல்வநாயகத்தின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1951இல் வெளிவந்து, இலக்கியத்தை அதன் காலத்தோடு வைத்து நோக்கும் பழக்கத்தை மாணவரிடையே விதைத்திருந்தது. அப்பழக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற மாணவர் கைலாசபதி எனலாம்.

அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு பேர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையிலே நடைபெற்றது. தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர், மார்க்சியவாதி. எனினும் அவரை ஆக்கியவை நூல்கள் மாத்திரமல்ல. 1923 தொடக்கம் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்று, மீனவரிடையே வாழ்ந்து, அவர் பேசிய ஐரிஷ் மொழியைக் கற்றவர் அவர். எழுத்தறியாத முதியோர் தம் பேச்சிலே கவிதையை இயல்பாக வழங்குவதை அங்கே கேட்டபின்னரே ஹோமர் தமக்கு விளங்கியதாக அவர் கருதினார். கைலாசபதி பேராதனைக்கு வந்த அதே 1953ஆம் ஆண்டிலே அத்தீவின் எஞ்சிய குடிகளும் பெருநிலத்துக்கு அகற்றப்பட்டனர். ஆசிரியர் கேட்டு வளர்ந்த பாட்டு ஒரு கரையிலே ஓய்ந்தது. மாணவர் பின்னர் வேறொரு மொழியின் ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டிலே அதே குரலைத் தேடிச் சென்றார்.

1968இல் ஒக்ஸ்போட்டிலே அச்சான அந்த ஆய்வின் பொருள் தமிழ் வீரயுகக் கவிதை. அதன் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். புறநானூறு முதலிய தொகைகளிலே உள்ள பாடல்கள் தனித்திருந்து எழுதும் புலவனின் ஆக்கங்களல்ல. அவை பாணர் மரபிலே, வாய்மொழியாகப் பிறந்து வழங்கியவை. அதற்குச் சான்று அவற்றிலே திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகள். அமெரிக்க அறிஞர் மில்மன் பரி ஹோமரின் கவிதையிலே கண்டதும், பின் யூகோசிலாவியப் பாடகரிடம் நேரிலே கேட்டு உறுதிசெய்ததும் இதுவே. வாய்மொழிப் பாடகனுக்கு ஆயத்தமான தொடர்கள் கருவிகள். வீரன் இப்படித்தான் புகழப்படுவான், குதிரை இப்படித்தான் வருணிக்கப்படும், இறந்தவன் இப்படித்தான் இரங்கப்படுவான் என்று மரபு அவனுக்கு வகுத்துக் கொடுக்கின்றது. அவ்வாய்பாடுகளைக் கொண்டே அவன் புதிய பாட்டைப் படைக்கின்றான். இவ்வாதம் முழுதும் ஏற்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. சங்கப் பாடல்கள் எழுத்தறிந்த புலவர் பாணரைப் பின்பற்றிப் பாடியவையே எனப் பின்வந்தோர் சிலர் மறுத்தனர். அம்மறுப்பிலே நியாயமும் உண்டு. ஆனால் பழந்தமிழ்ப் பாட்டிலே ஒரே தொடர் பலமுறை வருவது புலவனின் வறுமையன்று, அது ஒரு சமூகத்தின் பொதுச்சொத்து என்பதைத் தமிழ் மாணவர் உணரவைத்த நூல் அது. அதை உணர்ந்தபின் வானொலி அறிவித்தலைக் கேட்டு முன்புபோலச் சிரிப்பது எளிதாக இல்லை.

புறத்துறைகளுள் ஒன்று கையறுநிலை. தலைவன் இறந்தபின் செய்வதறியாது நிற்போர் பாடும் பாட்டு. கையற்றுப்போதல் என்ற சொல்லே துயரத்தை உடலிலே வைத்துக் காட்டுகின்றது. இதைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையிலே வைத்தார். கணவனை இழந்தவள் நோற்கும் நிலைக்குத் தாபதநிலை என்றும், மனைவியை இழந்தவன் தனித்திருக்கும் நிலைக்குத் தபுதாரநிலை என்றும் பெயர் வகுத்தார். இழப்புக்கும் இலக்கணம் செய்த மொழி இது. இலக்கணம் செய்ததனாலே துயரம் பொய்யாகிவிடவில்லை என்பதற்குப் புறநானூறே சான்று. 1894இல் உ. வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்த நாள்முதல் தமிழ் கற்போர் யாவரும் கடந்துவந்த சில பாடல்கள் உள்ளன. தந்தையை இழந்து பாரி மகளிர் பாடியது ஒன்று. முந்திய நிலவுநாளிலே தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இந்நிலவிலே இரண்டும் இல்லை. இவ்வளவே அதன் செய்தி. அழுகிறோம் என்ற சொல் அதிலே இல்லை. கணவன் பூதபாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரை நோக்கிப் பாடியது மற்றொன்று. அதிலே துயரத்தைவிடச் சினமே மேலோங்கி நிற்கின்றது. நண்பரின் பாட்டுகள் இன்னும் பல. பாரிக்காகக் கபிலர், அதியமானுக்காக ஒளவை, கோப்பெருஞ்சோழனுக்காகப் பொத்தியார் என அவர்கள் வரிசை நீளும். தந்தை, கணவன், நண்பன் என்ற மூன்று உறவும் இழப்பிலே எப்படிப் பேசும் என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இத்தொகை பாடிவைத்துள்ளது. வானொலியின் அறிவித்தல் அதே மூன்று சொல்லைத்தான் சொல்கின்றது. பாட்டு மாத்திரம் அதிலே இல்லை.

இவ்வகைப் பாடல்களை ஆய்வுக்கூடத்திலே வைத்து நோக்கிய கைலாசபதி, அவற்றிலே கண்ணீர்விட்டு நிற்கும் ரசனை முறையை விரும்பியவரல்லர். ரசனை மாத்திரம் திறனாய்வாகாது என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன பாடம். இன்ன சமூகத்திலே, இன்ன உற்பத்தி உறவுகளிடையே, புரவலனை இழந்த பாணனுக்கு உண்மையிலே வாழ்வாதாரமே போயிற்று என்று காட்டுவார். பாணனின் கையறுநிலைக்குப் பொருளாதார வேர் உண்டு என்பது சரிதான். ஆனால் அவர் மறைந்த 1982 டிசம்பரிலே அவரை நினைத்துக் கையற்று நின்றவர்கள் எவருக்கும் அவர் பொன்னும் யானையும் கொடுத்தவரல்லர். அந்தத் துயரத்தை விளக்குவதற்கு அவருடைய நூலிலே ஓர் இயல் குறைகின்றதோ என்று தோன்றுவதுண்டு.

நண்பர் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். கைலாசபதி என்றதும் சிவத்தம்பி என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஈழத்து இலக்கிய உலகிலே வேரூன்றிவிட்டது. கரவெட்டியிலே 1932இல் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பியும் 1953இலேயே பேராதனைக்கு வந்தவர். ஒருவர் நாடக மேடையிலே, கணபதிப்பிள்ளையின் பேச்சுவழக்கு நாடகங்களிலே நடித்துப் புகழ்பெற்றார். மற்றவர் எழுத்திலே முனைப்பானவர். இருவரும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் சிந்தனைத் தூண்களாயினர். தேசிய இலக்கியம், மண்வாசனை, இழிசினர் வழக்கு என்று ஐம்பதுகளின் பிற்கூற்றிலும் அறுபதுகளிலும் எழுந்த விவாதங்களிலே இருவர் குரலும் ஒன்றாக ஒலித்தது. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரனின் ஆசிரியராயிருந்தபோது, அதுவரை பெரிய பத்திரிகையின் வாசலை மிதிக்காத எழுத்தாளர் பலருக்கு அதன் பக்கங்கள் திறந்தன. பின்னர் சிவத்தம்பியும் பேர்மிங்காம் சென்று அதே தொம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்து 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒரே ஆசிரியரிடம், முன்பின்னாக, வீரயுகப் பாட்டும் பண்டை நாடகமும் ஆய்வுபெற்றன.

இவ்விணைப்பிலே எளிதிற் கடந்துபோகக்கூடாத ஓரிடம் உண்டு. 1964ஐ ஒட்டி இலங்கைப் பொதுவுடைமை இயக்கம் மொஸ்கோ சார்பென்றும் பீக்கிங் சார்பென்றும் பிளவுபட்டது. கைலாசபதி சீன சார்பின் பக்கம் நின்றார். சிவத்தம்பி மறுபக்கம் நின்றார். அப்பிளவு எத்தனையோ வீடுகளிலே சகோதரரைப் பேசாதவராக்கியது. ஒரே தேநீர்க் கடையிலே இருந்த தோழர்கள் வேறு கடை தேடினர். கொள்கைக்காக உறவை முறிப்பதே பெருமையெனக் கருதப்பட்ட காலம். இவ்விருவரும் தத்தம் நிலையைக் கைவிடாமலே நண்பராயிருந்தனர். மாறுபட்ட அரசியலோடு ஒன்றுபட்ட நட்பு எப்படி நடந்தது என்பதை இன்றைய வளாக அரசியலிலே ஈடுபடும் மாணவர் ஆராய்ந்து பார்க்கலாம். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிலே காணாமல் நண்பராயிருந்தது வியப்பென்று பாடப்புத்தகம் சொல்கின்றது. நாடோறும் கண்டு, நாடோறும் மாறுபட்டு, நண்பராயிருப்பது அதனினும் அரிது.

கைலாசபதி மறைந்தபின் சிவத்தம்பி ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 2011 ஜூலை 6ஆம் திகதி அவர் காலமாகும்வரை, உடல் நலிந்து நடமாட்டம் குறைந்த காலத்திலும், எழுதினார், பேசினார், கற்பித்தார். அவருடைய எழுத்திலும் பேச்சிலும் கைலாசபதியின் பெயர் தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தது. ஒருவர் தொடங்கி வைத்த சிந்தனையை மற்றவர் மூன்று தசாப்தங்கள் தனியே சுமந்ததை இதிலே காணலாம். இடைக்காலத்திலே தம் பழைய கருத்துகள் சிலவற்றைச் சிவத்தம்பி மீளாய்வு செய்தார். மார்க்சியம் அழகியலையும் இனத்துவத்தையும் மதத்தையும் நோக்கிய முறையிலே போதாமை இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. கைலாசபதி இருந்திருந்தால் அவரும் அவ்வாறு செய்திருப்பாரா என்ற கேள்வி கருத்தரங்குகளிலே அடிக்கடி எழும். நாற்பத்தொன்பது வயதிலே நின்றுபோன ஒருவரிடம் அதற்கு விடை கேட்க முடியாது. இளமையிலே இறந்தோருக்குக் கிடைக்காத வாய்ப்புகளுள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் ஒன்று.

அன்புக் கணவர் என்ற தொடருக்கு வருவோம். ஓர் அறிஞனின் இல்வாழ்க்கையை வெளியார் எழுதுவதற்கு அதிகம் இல்லை. எழுதக்கூடியது ஒன்று இருக்கின்றது. அதுவும் நூல்வடிவிலேயே இருக்கின்றது. 1979இல் வெளிவந்த 'மக்கள் சீனம்: காட்சியும் கருத்தும்' என்ற நூலின் முகப்பிலே ஆசிரியர் பெயர் இரண்டு. ஒன்று கைலாசபதி. மற்றது அவர் துணைவியார் சர்வமங்களம் கைலாசபதி. தமிழ் அறிஞரின் மனைவியர் முன்னுரையின் கடைசி வரியிலே நன்றி பெறுவதே வழக்கம். கையெழுத்துப் பிரதியைப் படியெடுத்து உதவினார் என்ற அளவிலே அந்நன்றி நின்றுவிடும். இங்கே காட்சியும் இருவருடையது, கருத்தும் இருவருடையது. இருவரும் ஒன்றாகச் சென்று, ஒன்றாகக் கண்டு, ஒன்றாக எழுதியுள்ளனர். அந்நூல் சொன்ன சீனம் இன்று அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. அதன் அரசியற் கணிப்புகள் பலவற்றை இன்று அப்படியே ஏற்பார் இல்லை. ஆனால் முகப்பிலே இருக்கும் அந்த இரண்டு பெயரும் பழையதாகவில்லை.

பெருங்கோப்பெண்டின் பாட்டை வகுப்பிலே கற்கும் மாணவிகள் அதன் முடிவை எண்ணிக் கலங்குவதுண்டு. கைம்மை நோன்பின் இழிவைவிடத் தீ மேல் என்று அவள் தேர்ந்தது ஒரு வீரமென உரையாசிரியர் சொல்வர். அவளுக்கு வேறு தேர்வு இல்லாதிருந்தது என்பதைத்தான் கைலாசபதியின் முறை காட்டும். இருபதாம் நூற்றாண்டின் துணைவியர்க்கு வேறு தேர்வு உண்டு. பத்திரிகைகளிலும் மலர்களிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் சிதறிக்கிடந்த கட்டுரைகள், அச்சுக்குப் போகாத பிரதிகள், எழுதவெண்ணிக் குறித்த குறிப்புகள் என்று ஓர் ஆய்வாளன் விட்டுச்செல்லும் மேசை பெரிது. அதை ஒழுங்குசெய்வது எளிய பணியன்று. 1983இல் 'இலக்கியச் சிந்தனைகள்', 1984இல் 'பாரதி ஆய்வுகள்', 1986இல் 'ஈழத்து இலக்கிய முன்னோடிகள்' என அவர் நூல்கள் அவருக்குப் பின்னரே ஒவ்வொன்றாக வந்தன. இவை வருவதற்கு இடையிலே நடந்தவற்றை மறக்கலாகாது. அவர் மறைந்து எட்டு மாதம் முடியுமுன் 1983 ஜூலை வந்தது. நினைவுகூரக் கூடியிருக்கவேண்டியவர்கள் அகதிகளாயினர், கப்பலேறினர், சிதறினர். வீட்டோடு நூலகங்கள் எரிந்தன. அத்தகைய ஆண்டுகளிலே இறந்த ஒருவரின் தாள்களைக் காத்து, பிழைதிருத்தி, அச்சேற்றிய குடும்பத்தாரையும் நண்பரையும் எண்ணும்போது, கல்வெட்டு என்ற பழைய பெயர் இந்நூல்களுக்கும் பொருந்தும் என்றே கருதவேண்டியுள்ளது. அச்சிலே புலம்பல் இல்லை. மெய்ப்புத் திருத்தமே அங்கே புலம்பல்.

இதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. மில்மன் பரி 1935இல் தமது 33ஆம் வயதிலே துப்பாக்கி வெடித்து இறந்தார். யூகோசிலாவியாவிலே அவர் சேர்த்த ஒலிப்பதிவுகளும், தொடங்கிய நூலின் சில பக்கங்களும் எஞ்சின. மாணவரும் உதவியாளருமாயிருந்த அல்பேட் லோட் அப்பணியைத் தொடர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் 1960இல், ஆசிரியர் தம் நூலுக்கு வைத்திருந்த தலைப்பையே தம் நூலுக்கு இட்டு வெளியிட்டார். கைலாசபதி பேர்மிங்காமுக்குச் சென்ற காலத்திலே அந்நூல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய ஆய்வு அதனாலே பெரும்பயன் அடைந்தது. தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூல் ஒரு வகையிலே, இறந்த ஆசிரியருக்கு மாணவர் செய்த கடனிலிருந்து பிறந்தது.

பாசமிகு தந்தை என்ற தொடரைப் பற்றி இக்கட்டுரை அதிகம் சொல்லப்போவதில்லை. அவருக்குப் பெண்மக்கள் இருவர். தந்தை மறைந்தபோது பள்ளிப் பருவத்தைச் சூழ்ந்த வயதினர். அவர்கள் இழந்தது எது என்பதை அவர்களே அறிவர். அதை வெளியார் பாடிக் கொடுக்கும் புலம்பலாக்குவது முறையன்று. பாரிக்கும் பெண்மக்கள் இருவரே என்பது நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. பாரியின் பின் அம்மகளிரைத் தம் பொறுப்பிலே கொண்டு வழிநடந்தவர் கபிலர் என்று மரபு சொல்கின்றது. நண்பன் என்ற சொல்லுக்கும் தந்தை என்ற சொல்லுக்கும் இடையிலே அப்பாட்டுகள் வேலி போடவில்லை.

நினைவுகூர்தலிலே கல்வெட்டும் செய்யாத, கையறுநிலையும் செய்யாத ஒரு காரியம் இருக்கின்றது. அது இறந்தவரோடு வாதாடுதல். கல்வெட்டிலே எவருக்கும் குறையில்லை. புரவலனைப் பாடிய பாணனும் குறை சொன்னதில்லை. கைலாசபதிக்கோ உயிரோடிருந்தபோதே எதிர்ப்பாளர் பலர். மு. தளையசிங்கம் தம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யிலே முற்போக்கு அணியினரின் பார்வையைக் கடுமையாகச் சாடினார். உருவத்தைப் புறக்கணித்து உள்ளடக்கத்தையே அளவுகோலாக்கினார், தமக்கு உவப்பான எழுத்தாளரை உயர்த்தி மற்றோரை ஒதுக்கினார் என்ற குற்றச்சாட்டுகள் அவர்மேல் இருந்தன. அவற்றுட் சில வெறும் காழ்ப்பு. சில நியாயமானவை. மௌனியைப் போன்ற ஒருவரை எடைபோடுவதற்கு அவர் கையிலிருந்த தராசு போதாது. பேராதனையிலே பின்னர் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய எம். ஏ. நுஃமான், 1987இல் வெளிவந்த 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' என்ற நூலிலே, அம்மரபிற்கு உள்ளே நின்றுகொண்டே அதன் இறுக்கங்களை விவாதித்தார். மறைந்தவரைத் துதிக்காமல் அவரோடு தொடர்ந்து பேசுவதே அவருக்குப் பிடித்த மரியாதையாக இருந்திருக்கும். 'அடியும் முடியும்' எழுதியவருக்கு வழிபாடு எப்படித் தோன்றி எப்படி வளரும் என்பது நன்கு தெரியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கைலாசபதி கலையரங்கு என்ற பெயரிலே ஒரு மண்டபம் உண்டு. பேராதனையிலே அவர் பெயரைத் தேடுவோர் நூலகத்துக்கே செல்லவேண்டும். புறநானூற்றுப் பதிப்புகளைத் தேடிச் செல்லும் மாணவர் அங்கே அவர் நூலையும் எடுத்துவருவர். பரீட்சை நெருங்கும் மாதங்களிலே அதற்குப் போட்டியும் உண்டு. கலாநிதி ஆய்வாக அதை எழுதியபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தது. அதைப் படிப்போருட் பலர் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் பிறந்தவர்கள். அவர் குரலையோ நடையையோ அறியாதவர்கள். தந்தை எந்தக் கதிரையிலே இருந்து எழுதினார், எவ்வேளையிலே எழுதினார் என்று சொல்லக்கூடிய இருவர் உலகிலே எங்கோ இருக்கின்றனர் என்ற எண்ணமும் அவர்களுக்கு எழுவதில்லை.

ஆண்டுதோறும் புறநானூற்று விரிவுரை கையறுநிலைக்கு வந்து சேர்கின்றது. விரிவுரையாளர் முதலிலே துறைக்கு விளக்கம் சொல்கின்றார். மாணவர் குறிப்பேட்டிலே எழுதிக்கொள்கின்றனர். அதன்பின் பாரி மகளிர் பாட்டு வாசிக்கப்படுகின்றது. வெளியே அந்தானையிலே மழை இறங்கிக்கொண்டிருக்கும். அவ்வாண்டிலே வீட்டிலே ஒரு மரணம் கண்டு, முப்பத்தொன்று முடிந்து, கல்வெட்டைப் பையிலே வைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பியிருக்கும் மாணவன் ஒருவன் எந்த வகுப்பிலும் பின்வரிசையிலே இருப்பான். மற்றவர் எழுதிக்கொண்டிருக்கும்போது அவனுடைய பேனா மாத்திரம் நின்றுவிடும்.